அஞ்சலையம்மாள், எம்.எல்.ஏ.

சுதந்திரப் போராட்ட வீராங்கனை கடலூர் அஞ்சலையம்மாள் என்றதும் எங்கள் வேலூர்க்காரர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வயிற்றுப் பிள்ளையோடு வேலூர் ஜெயிலுக்கு வந்தார், பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், பெற்றெடுத்த பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிச்சத் தண்டனைக்குத் திரும்பி வந்தார், பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்று பேர் வைத்தார். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய் கட்சி அவருக்குப் பெரிய கட் அவுட் வைத்த பிறகு, வாட்ஸப்பில் இந்தக் கதை இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அங்கேயே முடித்துவிடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. அதற்குப் பிறகு அந்தம்மா சட்டமன்றத்துக்குப் போனார்.

முன்கதை கொஞ்சம். 1890ல் கடலூர் முதுநகரில் பிறந்தவர். கணவர் முருகப்பா. குடும்பச் சொத்தை விற்றுக் காங்கிரஸ் வேலைக்குக் கொடுத்தவர்கள். 1927ல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீலன் சிலையை எடுக்கச் சொல்லிப் போராட்டம். 1857ல் நம் மக்களைக் கொன்று குவித்த கர்னல் நீல்தான் இந்த நீலன். அந்தப் போராட்டத்தில் இவரோடு மகள் அம்மாக்கண்ணுவும் ஜெயிலுக்குப் போனாள். சின்னப் பெண். காந்தி அவளுக்கு லீலாவதி என்று பேர் வைத்துத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார்.

பத்து வருஷம் கழித்து, 1937ல் தேர்தல். மதராஸ் சட்டசபையில் மொத்தம் 215 இடம், அதில் பெண்களுக்கென்று ஒதுக்கியது 8. ஓட்டும் எல்லாருக்கும் கிடையாது. சொத்து, வரி, படிப்பு, இப்படி ஏதாவது ஒரு தகுதி வேண்டும். அந்தத் தேர்தலில் ஜெயித்து அஞ்சலையம்மாள் எம்.எல்.ஏ. ஆனார். அதே 1937ல், ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு, நீலன் சிலை மவுண்ட் ரோட்டை விட்டுப் போனது. எதற்காக ஜெயிலுக்குப் போனாரோ, அது அவர் சபையில் உட்கார்ந்திருந்த வருஷத்தில் நடந்தது. இதை யாரும் ஃபார்வர்ட் பண்ணக் காணோம்.

எம்.எல்.ஏ.வாக அவர் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு வாய்க்கால். புவனகிரி பக்கம் தீர்த்தாம்பாளையம் என்ற ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வீராணம் கால்வாயிலிருந்து கிளை பிரித்து அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுவந்தார். அஞ்சலை வாய்க்கால் என்றே அதற்குப் பேர்.

இது ஏன் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், நானும் 2021 தேர்தலில் வார்டு உறுப்பினர் ஆனவள். வேலூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊராட்சி. எங்கள் மேல்நிலைத் தொட்டி ஊரின் மேட்டுப் பக்கம் இருக்கிறது. மேட்டுத் தெருவில் குழாயைத் திறந்தால் பீறிட்டு வரும். என் வார்டு கடைசித் தெரு. குழாயடியில் குழி தோண்டிக் குடத்தை இறக்கி வைத்தால்தான் நூல் மாதிரி விழும். நடுவில் ஒரு கேட் வால்வு போட்டு முறை வைத்துத் திருப்பிவிட்டால் தீர்ந்துவிடும் வேலை. ஆனால் ஊராட்சி செக்கில் கையெழுத்து தலைவருக்கும் துணைத் தலைவருக்கும்தான். வார்டு மெம்பருக்கு வாய் ஒன்றுதான் முதல்.

யூனியன் ஆபீசுக்கு மனுவோடு போனேன். வண்டியில் கொண்டுவந்து விட்டவர் வீட்டுக்காரர். சீட்டில் இருந்தவர் என் கையிலிருந்த மனுவை வாங்கிக்கொண்டு, "சொல்லுங்க சார், உங்க வார்டுல இன்னா பிரச்சனை?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார். "மெம்பர் அவங்கதான் சார், அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வராண்டாவுக்குப் போய்விட்டார். அப்புறம் நான் பேசினேன். வால்வு வந்து சேர அதற்குப் பிறகும் நாளானது. கிராம சபையில் எழுந்து நின்று தீர்மானத்தில் ஏற்றச் சொன்னேன், எஸ்டிமேட் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். குழி வெட்டிய அன்றைக்கு எங்கள் தெருப் பெண்கள் வேலைக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள்.

ஒரு வால்வுக்கே இந்தப் பாடு. அந்தக் காலத்தில் ஒரு பெண் எம்.எல்.ஏ. கால்வாயில் கிளை வெட்ட எத்தனை அதிகாரியிடம் பேசியிருப்பார், எத்தனை முறை "பார்க்கலாம்மா" கேட்டிருப்பார்! ஜெயிலில் பட்ட கஷ்டத்துக்குக் குறைந்ததில்லை இது. கஷ்டப்பட்ட பெண்ணுக்கு மாலை போட எல்லாரும் வருகிறார்கள். வேலை கேட்டு வரும் பெண்ணிடம் ஃபைலைக் கொடுக்கத்தான் யோசிக்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி இன்று பெண்களுக்கு. எங்களுக்கு அஞ்சலையம்மாளின் தியாகம் தெரியும். அவர் வேலை செய்த விதமும் தெரிய வேண்டும்.

1946லும் ஜெயித்தார். 1961 பிப்ரவரியில் காலமானார். அவர் காலத்துச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் வந்தவை, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பார்க்கலாம். எங்கள் வேலூர் முத்துரங்கம் கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது இவரை எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து என்னென்ன கேட்டார் என்று தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழில் தட்டச்சு செய்து இங்கே போடுவது என் பொறுப்பு.