ஓம்ஸ்க் போகும் சாலையில் ராஸ்லேர் வரை

கார்க் நகரத்தை விட்டுக் கிழக்கே போகும்போது, சாலையோரப் பலகைகளில் பச்சைப் பின்னணியில் வெள்ளையாக 'இ30' என்ற எண் தென்படும். அயர்லாந்தில் அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது என்25 தான். ஆனால் ஐரோப்பியக் கணக்குப்படி அது கார்க்கில் புறப்பட்டு, கடல் தாண்டி வேல்ஸ், இங்கிலாந்து, மறுபடியும் கடல், நெதர்லாந்து, ஜெர்மனி, போலந்து, பெலாரஸ் என்று நீண்டு, சைபீரியாவில் ஓம்ஸ்க் நகரத்தில் போய் முடிகிற சாலை. எங்களுக்கு அவ்வளவு ஆசை இல்லை. ராஸ்லேர் துறைமுகம் வரை போய், காரோடு கப்பலேறி, மறுநாள் பிரான்சின் ஷெர்பூரில் இறங்கினால் போதும்.

தூரம் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கப்பல் இரவு எட்டு மணிக்கு. காலை ஒன்பதுக்கே காரை எடுத்துவிட்டேன். "கப்பலைக் கட்டி முடிப்பதற்குள் போய்விடுவோம் போலிருக்கிறதே" என்றாள் மனைவி. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே நடைமேடையில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். என்ன செய்வது?

மிடில்டனில் முதல் நிறுத்தம். இந்த ஊரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஜேம்சன் விஸ்கி ஆலைக்கு வருகிறார்கள். நாங்கள் போனது ஆற்றோரப் பூங்காவுக்கு. அங்கே ஒன்பது எஃகுக் கழுகிறகுகள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 20 அடி உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் குவித்த இரு கைகள்போல, வெறும் கிண்ணம்போல. கிட்டே போய்த் தண்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. இறகின் ஓரங்களில் நிஜ இறகில் இருப்பது போலவே ஆங்காங்கே பிளவு. காற்று அந்தப் பிளவுகளில் நுழைந்து போகிறது.

1847-இல் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் தங்களுக்குள் வசூலித்து 170 டாலர் அனுப்பினார்கள். அதற்குப் பதினாறே ஆண்டுகளுக்கு முன்புதான் அவர்களையே சொந்த மண்ணிலிருந்து விரட்டத் தொடங்கியிருந்தார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் மாண்டவர்கள். அந்த 170 டாலருக்குத்தான் இந்த ஒன்பது இறகுகள். பூங்காவில் எங்களைத் தவிர நாயோடு ஒருவர் மட்டும் இருந்தார். நாய்க்கு இறகுகள்மீது அக்கறை இல்லை.

அடுத்து காசில்மார்ட்டர், கில்லா. இரண்டும் கையகல ஊர்கள். இரண்டுக்கும் புறவழிச்சாலை கிடையாது. ஓம்ஸ்க் போகிற சாலை மொத்தமும் கில்லாவின் ஒரே தெருவுக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அதற்கு முன்னால் குளிர்பதன லாரி, அதற்கு முன்னால் என்ன என்று கடவுளுக்கே வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே ஒரு பாட்டி சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு எங்களை முந்திப் போனார். கடைக்குப் போய், பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு எதிரே திரும்பி வந்தபோது நாங்கள் அவர் வீட்டு வாசலில் இருந்தோம். ஜன்னல் தொட்டியில் சிவப்பு ஜெரேனியம். இலைகள்மேல் டீசல் புகை கறுப்பாகப் படிந்திருந்தது. பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நல்லவேளை, சீக்கிரம் கிளம்பினோம்" என்றேன். மனைவி பதில் சொல்லவில்லை.

யால் என்ற ஊரை வெளியே சுற்றிக் கடந்தோம். டங்கார்வனுக்கு இறங்கும் சரிவில் விரிகுடா திடீரென்று மொத்தமாகத் தெரியும். நிறுத்த இடமில்லை. பார்த்தது பார்த்ததுதான்.

இந்த நாட்டுப் பலகைகளில் ஊர்ப்பெயர் இரு மொழிகளில் இருக்கும்: மேலே சாய்வெழுத்தில் ஐரிஷ், கீழே ஆங்கிலம். பெரும்பாலும் ஒன்று மற்றொன்றின் சிதைவாக இருக்கும். வாட்டர்ஃபோர்டு அப்படியில்லை. ஆங்கிலப் பெயர் வைக்கிங்குகள் விட்டுப்போனது; ஐரிஷில் அது போர்ட் லார்கெ. மெட்ராஸும் சென்னையும் போல ஒரே ஊருக்கு ஒட்டுறவில்லாத இரு பெயர்கள். ஊருக்குள் போகாமல் ஷூர் ஆற்றின்மேல் சுங்கப் பாலம் வழியே போனோம். பாலத்துக்கு தாமஸ் ஃபிரான்சிஸ் மேகர் பெயர். 1848-இல் அயர்லாந்தின் மூவண்ணக் கொடியை முதன்முதலில் இந்த ஊரில்தான் அவர் ஏற்றினார்.

பிறகு பாரோ ஆறு. 2020 ஜனவரியில் திறந்த ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடி பாலம், 887 மீட்டர், நாட்டிலேயே நீளமானது. கில்லாவில் இருபது நிமிடம் நின்றவர்கள் இதை அரை நிமிடத்தில் கடந்தோம். பாலத்தைப் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதனால் ஆற்றின் அக்கரையில் சாலையை விட்டு விலகி நியூ ராஸ் ஊருக்குள் இறங்கினோம். அங்கே படித்துறையில் டன்ப்ரோடி கப்பலின் மறுஆக்கம் நிற்கிறது. மூலக் கப்பல் 1845-இல், கனடாவிலிருந்து மரம் ஏற்றி வரக் கட்டியது. போகும்போது வெறும் கப்பலாகப் போவானேன் என்று பஞ்சத்தில் ஓடியவர்களை ஏற்றினார்கள். கீழ்த்தளத்தில் குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. ஒரு மரப்பலகை, ஒரு குடும்பம். பலகையின் நீளத்தை மனைவி சாண் வைத்து அளந்தாள். எங்களுக்குக் கப்பலில் ஜன்னல் வைத்த அறை. அதில் மெத்தை எப்படியிருக்குமோ என்று காரில் வரும்போது நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஜான் கென்னடியின் கொள்ளுத் தாத்தா இந்த வட்டாரத்துக்காரர். அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவுக்குப் போனார். பாலத்தில் இருப்பது கென்னடியின் தாயார் பெயர்.

நேரம் நிறைய இருக்கிறது என்ற திமிரில் கடைசியில் ஒரு தவறு செய்தேன். கைபேசி வழிகாட்டியில் 'ராஸ்லேர்' என்று மட்டும் தட்டிவிட்டேன். அது எங்களை அழகான ஒரு மணற்கரையில் கொண்டுபோய் விட்டது. குழந்தைகள் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கப்பல் எதுவும் இல்லை. ராஸ்லேர் ஊர் வேறு, துறைமுகம் வேறு. துறைமுகம் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி. "கப்பலுக்குத் தண்ணீர் ஆழம் போதுமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள் மனைவி.

துறைமுகம் ஒருவழியாக வந்தது. 1906-இல் ரயிலுக்காகவே திறந்த துறைமுகம் இது: ரயிலில் வந்து, கப்பலேறி, வேல்ஸின் ஃபிஷ்கார்டில் இறங்கி மீண்டும் ரயில். நம் போட் மெயில் தனுஷ்கோடியில் செய்ததும் இதைத்தான். அங்கே தண்டவாளத்தை 1964-இல் புயல் கொண்டுபோனது. இங்கே வாட்டர்ஃபோர்டிலிருந்து வந்த பாதையை 2010-இல் ரயில் நிறுவனமே நிறுத்திவிட்டது. துறைமுகம் மட்டும் இன்றும் அந்த நிறுவனத்தின் கையில்தான்.

இப்போது ராஜ்ஜியம் லாரிகளுடையது. முன்பெல்லாம் லாரிகள் வேல்ஸில் இறங்கி, இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, டோவரில் மறுபடி கப்பலேறும். 2021-இல் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேறியதும் சுங்கத் தாள்கள் குவிந்தன. நேரே ஐரோப்பியக் கரைக்கே போய்விடலாம் என்று வாரத்துக்கு ஆறாக இருந்த நேரடிக் கப்பல்கள் முப்பதைத் தாண்டின.

எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் போலந்து எண் பலகையோடு ஒரு லாரி. ஓட்டுநர் படியில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். போஸ்னான் என்றார். போஸ்னான் இ30-இல் இருக்கும் ஊர்! நான் உற்சாகமாக இந்தச் சாலையும் அந்தச் சாலையும் ஒன்றே என்று விளக்கினேன். அவர் சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தி முனையில் ஒரு துண்டு ஆப்பிளை நீட்டினார்.

ஏழு மணிக்கு வரிசை நகர்ந்தது. கப்பலின் வயிற்றுக்குள் மஞ்சள் சட்டைக்காரர் கையசைத்து அழைத்துக்கொண்டே இருந்தார். முன் காரின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் ஒரு சாண்தான் இருக்கும். இன்னும் வா என்கிறார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் பிரேக்கை மெல்ல விட்டேன்.