பச்சைக் குறி வந்த பிறகு செய்ய வேண்டியது: எஸ்கியூஎல் தேர்வுக்குத் தயாரான அனுபவம்

தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கான இணையவழித் தேர்வை நான் முதன்முறை எழுதியபோது, தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்கியூஎல் பகுதியில் இருந்த ஐந்து கேள்விகளுக்கும் திரையில் காட்டப்பட்ட மாதிரித் தரவில் சரியான விடையே வந்து பச்சைக் குறி விழுந்தது. சமர்ப்பித்த பிறகு, தேர்வருக்குக் காட்டாமல் வைத்திருந்த சோதனைத் தரவுகளில் என் வினவல்களில், அதாவது தரவைக் கேட்கும் கட்டளைகளில், இரண்டு தவறிவிட்டன. இரண்டு மாதங்கள் விடாமல் பயிற்சி செய்திருந்தும் இப்படி ஆனதற்கு ஒரே காரணம்தான்: வினவல் எழுதப் பழகியிருந்த நான், எழுதிய வினவலைச் சோதிக்கப் பழகியிருக்கவில்லை.

தொடக்கப் பாடங்களுக்கு எஸ்கியூஎல் போல்ட், எஸ்கியூஎல் ஜூ ஆகிய தளங்கள் போதும். எதையும் நிறுவாமல் உலாவியிலேயே எழுதிப் பார்க்கலாம். அடுத்த நிலைக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது பிஜி எக்சர்சைசஸ். உறுப்பினர்கள், வசதிகள், முன்பதிவுகள் என்ற மூன்றே அட்டவணைகளை வைத்துக்கொண்டு எளிய தேர்விலிருந்து தன்னையே அழைக்கும் வினவல் வரை அது கொண்டுசெல்கிறது. ஒரே தரவோடு நீண்ட நாள் பழகும்போது, விடை தவறாக வந்தால் பார்த்தவுடனே உறுத்தும். லீட்கோட், ஹேக்கர்ரேங்க் ஆகியவை தேர்வுச் சூழலுக்கு நெருக்கமானவை என்பதால் கடைசி மூன்று வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் தரவைத் தருவது தளம். நாமே அட்டவணையை உருவாக்கி, தொல்லை தரும் வரிசைகளை வேண்டுமென்றே அதில் இட்டுப் பார்க்க டிபி ஃபிடில் போன்ற கருவி தேவை. அதில் இடப்பக்கம் அட்டவணைக்கான கட்டளைகளையும் வலப்பக்கம் வினவலையும் எழுதி இயக்கலாம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் வேண்டிய பதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம். முதல் தோல்விக்குப் பிறகு ஆரக்கிள் தரவுத்தளத்தின் பழைய மாதிரி அட்டவணைகளான எம்ப், டெப்ட் இரண்டையும் அங்கே ஏற்றினேன். பணியாளர் அட்டவணையில் 14 வரிசைகள், துறை அட்டவணையில் 4 வரிசைகள். இவ்வளவு சிறிய தரவில் விடையைக் கையாலேயே எண்ணிச் சரிபார்க்க முடியும் என்பதுதான் அதன் பெருமை.

"தனக்குக் கீழ் யாரும் இல்லாத பணியாளர்கள் யார்?" என்று அதில் கேட்டுப் பாருங்கள். மேலாளர் எண் நெடுவரிசையில் இருப்பவர்களை நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்னும் நிபந்தனை) கொண்டு விலக்கினால் ஒரு வரிசைகூட வராது; கையால் எண்ணினால் 8 பேர் இருப்பார்கள். தலைவரான கிங்குக்கு மேலாளர் இல்லாததால் அந்த இடத்தில் 'நல்', அதாவது மதிப்பு இல்லை என்னும் குறி, இருக்கிறது. ஓர் எண்ணை 'நல்' உடன் ஒப்பிட்டால் கிடைப்பது உண்மையும் அன்று, பொய்யும் அன்று, 'தெரியாது' என்ற மூன்றாம் நிலை. நாட் இன் பட்டியலில் அது ஒரு முறை இடம்பெற்றாலே போதும், எந்த வரிசைக்கும் நிபந்தனை உண்மை ஆகாது. பொருந்தும் வரிசை இல்லையா என்று மட்டும் பார்க்கும் நாட் எக்சிஸ்ட்ஸ் கொண்டு எழுதினால் 8 பேரும் வருவார்கள். தேர்வில் நான் இழந்த இரண்டு கேள்விகளில் ஒன்று இதே வகை.

மற்றொன்று சம்பளத் தரவரிசை. அந்த அட்டவணையில் உச்சச் சம்பளம் 5000, அடுத்து இருவருக்கு 3000, பிறகு 2975. மூன்றாம் உயர்ந்த சம்பளத்தைக் காண, இறங்குவரிசையில் அடுக்கி இரண்டு வரிசைகளைத் தாண்டினால் மீண்டும் 3000தான் கிடைக்கும். சமமானவற்றுக்கு ஒரே தர எண்ணும் அடுத்ததற்கு இடைவெளியின்றி அடுத்த எண்ணும் இடும் டென்ஸ் ரேங்க் 2975 என்று தரும். பணியாளரே இல்லாத 40ஆம் எண் துறையையும் விட்டுவிடாதீர்கள்: எல்லாத் துறைகளையும் வைத்துக்கொண்டு பணியாளர்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயினுக்குப் பிறகு நட்சத்திரக் குறியிட்டு வரிசைகளை எண்ணினால் அங்கே 1 என்றும், பணியாளர் எண் நெடுவரிசையை எண்ணினால் 0 என்றும் வரும்.

தேர்வு எந்த மென்பொருளில் நடக்கிறது என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தை இரண்டால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் 2 என்கிறது, மைஎஸ்கியூஎல் 2.5 என்கிறது. டென்ஸ் ரேங்க் போன்ற சாளரச் செயல்கூறுகள் மைஎஸ்கியூஎல்லில் 2018இல் வெளியான 8.0 பதிப்பிலிருந்துதான் உள்ளன, 5.7இல் அவை பிழையாகும். பணியில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய கருவிகளில் சேமித்த இணைப்பை யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடும் என்பதால், அலுவலகத் தரவை அங்கே ஏற்றவே கூடாது.

அடுத்து நான் எழுதிய தேர்வில் அட்டவணைகளில் புதிய வரிசை சேர்க்க அனுமதி இல்லை. ஆகவே வினவலுக்குள் தற்காலிக அட்டவணை அமைக்கும் வித் தொடரில், வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் ஆல் கொண்டு நான்கு வரிசைகளை நானே உருவாக்கி, அவற்றில் ஒன்றை 'நல்' ஆகவும் இரண்டைச் சமமாகவும் வைத்து, வினவலை முதலில் அவற்றின் மேல் இயக்கினேன். கேள்விக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவானது. நான்கு கேள்விகளும் மறைவான சோதனைகளைக் கடந்தன.