டீச்சர் வராத நாளுக்கான ஃபோல்டர்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில், ஒரு டீச்சர் லீவு என்றால் காலையிலேயே சப்ஸ்டிட்யூஷன் நோட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடும். யாருக்கு எந்த பீரியட் ஓய்வோ அவர் பெயர் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவோம். கணக்கு டீச்சர் தமிழ் பீரியடுக்குப் போனால் கணக்கு போடச் சொல்வார், இல்லையென்றால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்துவார். லீவில் இருப்பவர் எதையும் எழுதி வைக்க மாட்டார். தேவையும் இல்லை. உள்ளே போகிறவருக்குப் பிள்ளைகளையும் தெரியும், பாதிப் பேரின் வீட்டையும் தெரியும்.

நியூ ஜெர்சியில் டீச்சர் லீவு போட்டால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒருவர் வருவார். அவரை சப்ஸ்டிட்யூட், சுருக்கமாக 'சப்' என்பார்கள். அந்த வேலையைத்தான் இப்போது நான் செய்கிறேன். இதற்குக் கல்லூரியில் குறிப்பிட்ட அளவு படித்திருக்க வேண்டும் என்பது மாநில விதி. நம் ஊர்ப் பட்டத்தை இங்குள்ள கணக்குக்கு மதிப்பிட்டு வாங்க வேண்டும். அப்புறம் கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணி இல்லை என்ற சரிபார்ப்பு. இதெல்லாம் முடிந்தால் பள்ளி ஆபீசில் ஒரு சாவியும் ஒரு ஃபோல்டரும் கையில் தருவார்கள். முன்பின் தெரியாத இருபது பிள்ளைகளின் ஒரு முழுநாள் அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது.

மணி அட்டவணை, பாடத்திட்டம், யார் எங்கே உட்கார வேண்டும் என்ற படம், இவை எல்லா ஃபோல்டரிலும் இருக்கும். நல்ல டீச்சரின் ஃபோல்டர் அதற்கு மேலே போகும். எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, அலர்ஜி ஊசி நர்ஸிடம் இருக்கிறதா வகுப்பில் இருக்கிறதா, யார் பத்தரை மணிக்குப் பேச்சுத் திருத்தப் பயிற்சிக்கு (ஸ்பீச் தெரபி) எழுந்து போவார், வகுப்பை அமைதிப்படுத்த டீச்சர் எப்படிக் கை தட்டுவார், சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் யாரைக் கேட்பது என்று எல்லாம் எழுதியிருக்கும். இந்தியப் பெயர்கள் நிறைந்த ஒரு வகுப்பில், ஒவ்வொரு பெயரையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அசை பிரித்து எழுதி வைத்திருந்தார் ஒருவர். அவர் வெள்ளைக்காரப் பெண். அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் மீது பெரிய மரியாதை வந்தது.

என்னைக் கேட்டால், பாடத்தை விட முக்கியமான பக்கம் சாயங்காலம் யார் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்ற பட்டியல்தான். எந்தப் பேருந்து, எந்தக் கார், யார் பள்ளியிலேயே பிந்தி இருப்பார்கள் என்று அதில் இருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டால் தப்பாகவும் சொல்லிவிடுவார்கள்.

இங்கே மாதம் ஒரு தீப்பயிற்சியும் ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சப் வந்த நாளிலும் மணி அடிக்கலாம். அதனால் எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, கதவைப் பூட்டிக்கொண்டு எந்த மூலையில் உட்காருவது என்பதும் எழுதியிருக்க வேண்டும். துப்பாக்கிக்குப் பயந்து பிள்ளைகளை மூலையில் உட்கார வைப்பதை மட்டும் என் மனசு இன்னும் ஏற்கவில்லை.

பாடம் என்று வந்தால், புதுசாக எதையும் சப்பிடம் விடாத டீச்சர்கள்தான் விவரமானவர்கள். படித்ததைத் திரும்பப் பார்க்கும் வேலையும், சீக்கிரம் முடிப்பவர்களுக்குக் கூடுதல் தாள்களும் இருந்தால் நாள் நன்றாக ஓடும். திடீர்க் காய்ச்சலுக்கு என்று, எந்த மாதமும் பொருந்துகிற மாதிரி ஒருநாள் வேலையைப் பலர் முன்கூட்டியே ஆபீசில் கொடுத்து வைக்கிறார்கள்.

என் மைனி (மதினி) குலசேகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். வீடியோ காலில் இதைச் சொன்னபோது, "இருக்கிற பதிவேட்டையே எழுதித் தீரல மக்களே, இதையும் எங்க எழுத?" என்றார். நியாயம்தான். ஒரு பெரிய ஃபோல்டரை அங்கே எதிர்பார்ப்பது சரியில்லை. ஆனால் கண் ஆபரேஷனுக்காக அவர் நீண்ட லீவு எடுக்க வேண்டி வந்தது. அந்த வகுப்புக்கு வரப்போகிறவர் ஊருக்குப் புதியவர். அப்போது மைனியே என்னைக் கூப்பிட்டு, "ஒரு பக்கத்துல அடங்குற மாதிரி என்ன எழுதலாம்?" என்று கேட்டார்.

பாடத்தை விட்டுவிடுங்கள், பிள்ளைகளை எழுதுங்கள் என்றேன். அவர் எழுதியதை போட்டோ எடுத்து அனுப்பினார். வலிப்பு வரும் பையன் யார், அவன் வீட்டில் யாருக்கு போன் செய்வது. வீட்டில் மலையாளம் பேசுவதால் தமிழ் மெதுவாக வாசிக்கும் பிள்ளை, அவசரப்படுத்த வேண்டாம். அப்பா அம்மா விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவதால் தம்பியைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வரும் பெண்பிள்ளை, பிந்தி வந்தால் வெளியே நிறுத்த வேண்டாம். பேச்சிப்பாறை ரோட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த பஸ் வெகுநேரம் கழித்துத்தான், மணி அடித்ததும் விட்டுவிட வேண்டும்.

அந்தத் தாளை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மைனி ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஜன்னல் மழைக்கு ஒழுகும், அதன் கீழே யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்பதையும் அடியில் சேர்த்திருந்தார். அது எனக்குத் தோன்றியிருக்காது.