கண் திறக்காத குதிரைகள்

ரிசார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், ஏ.சி., நீச்சல் குளத்து ஃபில்டர் என்று நான் எதிர்பார்த்தவை எல்லாம் இருந்தன. கடைசி மூன்று பக்கங்களுக்கு மட்டும் 'ஆர்ட்' என்று தலைப்பு. மண் குதிரை, ஏழடி உயரம், இரண்டு. செம்புத் தகடு, ரிசப்ஷன் பின்சுவர். கோரைப்பாய், கண்ணாடிச் சட்டத்துக்குள், பதினான்கு. கருங்கல் தூண், நீச்சல் குளம் அருகே. எல்லாவற்றுக்கும் சொத்து எண் உண்டு. ஏ.சி.க்கு ஒட்டிய அதே ஸ்டிக்கரைக் குதிரையின் பின்னங்காலிலும் ஒட்டியிருந்தார்கள்.

நான் படித்தது எலெக்ட்ரிகல் டிப்ளமோ. எனக்கும் கலைக்கும் இருந்த சம்பந்தம், எட்டாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனதோடு சரி. திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலையில் விலா எலும்பை எண்ணிப் பார்க்கச் சொன்னார் வாத்தியார். எண்ணி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

ரிசார்ட்டின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையில் மலையடிவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து நாங்கள் தென்காசி மாவட்டம். பேச்சில் இன்னும் 'திருநவேலி'தான்.

கட்டும்போதே முதலாளிக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. விருந்தாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தச் சீமையின் கலை கண்ணில் பட வேண்டும். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் இரண்டு நம் பக்கம். நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. அதனால் ரிசப்ஷனில் செம்பு, சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோவியம். பத்தமடைப் பாய் இல்லாமல் எப்படி? நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களை நினைத்துக் கருங்கல் தூண். வாசலில் குதிரை. பெங்களூரில் இருக்கும் ஒரு வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்திருந்தார். திட்டம் நல்ல திட்டம்தான். அதை யார் துடைப்பது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதலில் செம்பு. பத்தடிக்கு ஆறடித் தகடு. தாமிரபரணி வளைந்து வருவதுபோல அடித்து, அதில் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஏற்றியிருந்தார்கள். அந்தக் களிம்புதான் வேலைப்பாடே. நான் சேர்ந்த மூன்றாவது மாதம் ஹவுஸ்கீப்பிங்கில் புதிதாக ஒரு ஆச்சி வந்தார். இரவுப் பணி. அந்தத் தகட்டைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஓட்டலில் செம்பை இப்படியா போட்டுவைப்பார்கள் என்று மனசு கேட்கவில்லை. கிச்சனில் புளியும் கல்லுப்பும் வாங்கி, இரண்டு ராத்திரி, கீழே இருந்து கை எட்டுகிற உயரம் வரைக்கும் தேய்த்துவிட்டார்.

காலையில் நான் போனபோது ஆறு பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு அடிக்கு மட்டும் பச்சை. ஆச்சி என்னிடம், "அண்ணாச்சி, ஒரு ஏணி மட்டும் குடுத்தியன்னா இன்னைக்கு முடிச்சிருவேன்" என்றார்.

சைவ சித்தாந்தத்தில், உயிரோடு ஒட்டிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். அதை நீக்கத்தானே இத்தனை பாடு. அதையே காசு கொடுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சிக்கு எப்படிச் சொல்வது? நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. இதில் வேடிக்கை, தகடு பளபளத்த அந்த இரண்டு வாரமும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் அதிகம். அப்புறம் பெங்களூரிலிருந்து ஆள் வந்தார். நவச்சாரக் கரைசல் தெளித்து, காயவிட்டு, மறுபடி தெளித்து, பச்சை ஏறியதும் மேலே மெழுகு பூசினார். நவச்சாரம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பையில் இருக்கிற அதே சரக்குதான். ஆச்சிக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்கள். நான் 'எச்சரிக்கை செய்யப்பட்டது' என்று எழுதி ஃபைலில் போட்டேன்.

பாய் வேறு கதை. ஜூனில் சீசன் தொடங்கினால் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் காற்று உள்ளே வரும். அந்த மூன்று மாதம் சுவர் ஈரமாகவே இருக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிய பாய்களில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தது. எல்லாம் பட்டுப்பாய், மெல்லிசு. விலை பட்டியலில் பார்த்துத் தலை சுற்றியது. பத்தமடையில் நெய்கிற ஒரு லெப்பை வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். சட்டம், கண்ணாடி என்று நான் விளக்கிக்கொண்டே போக, அவர் இடைமறித்தார். "பாயை எதுக்குத் தம்பி அடைச்சு வச்சிருக்கீக? காத்தாட விரிக்கச் சொல்லுங்க."

ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நார் நாராகக் கிழித்து, நூல் பாவில் கோத்து நெய்வது அது. தண்ணீருக்குப் பழகிய புல்தான். மூச்சு முட்டினால்தான் கெட்டுப்போகிறது. சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி ஓட்டை போட்டேன். கண்ணாடிக்கும் பாய்க்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டு, பின்னால் சிலிக்கா பை வைத்தேன். பதினான்கில் பதினொன்று பிழைத்தன. மீதி மூன்றை எழுதித் தள்ளினார்கள். அதில் ஒன்று இப்போது எங்கள் பணியாளர் ஓய்வறையில் கிடக்கிறது. அது என் ஆறு வருஷப் பணியில் நான் செய்த சிறு திருட்டு. மத்தியானம் அதில் படுத்தால் முதுகுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

சுவரோவியத்தில் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. அக்ரிலிக் வண்ணம், ஈரத்துணி போதும். திருப்புடைமருதூர் கோபுரத்து உள்சுவரில் இருக்கும் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது; கப்பலில் குதிரைகள் வந்து இறங்கும் காட்சி. ஒரு விருந்தாளி அதை நோவாவின் பேழையா என்று கேட்டார். இல்லை, பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் கடல் வழியாகத்தான் வந்தன, காயல் துறைமுகத்தைப் பற்றி மார்கோ போலோவே எழுதியிருக்கிறார் என்று சர்வர் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்காக நான் படிக்க வேண்டியிருந்தது. ஒரு வார விடுமுறையில் திருப்புடைமருதூருக்கே போனேன். கடனா நதி தாமிரபரணியில் சேருகிற இடம். படித்துறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், பம்ப் பழுது பார்க்க வந்தவன் எப்படி இங்கே வந்து உட்கார்ந்தேன் என்று சிரிப்பாக இருந்தது. கருங்கல் தூணைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்வந்த விருந்தாளிகள் அறைச் சாவியால் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். அது ஊமைக்கல்.

குதிரைக்கு வருகிறேன்.

காருகுறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வேளார் செய்து கொடுத்த குதிரைகள். குளத்து மண்ணோடு மணலும் உமியும் கலந்து, நான்கு காலையும் தனித்தனிக் குழாயாக நிறுத்தி, காய்வதற்கு ஏற்ப உடம்பை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவார்களாம். உள்ளே கூடு. சூளையில் காற்று வெளியேற வயிற்றில் ஓட்டை விட்டிருப்பார்கள், இல்லையென்றால் வெடித்துவிடும். கழுத்து மணி, சேணம், வாய்க்குள் பல் வரைக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் கண்ணில் விழி இல்லை. முட்டை மாதிரி இரண்டு புடைப்பு, அவ்வளவுதான்.

விருந்தாளிகள் கேட்க ஆரம்பித்தார்கள். குருட்டுக் குதிரையா? வேலை முடியவில்லையா? ஜி.எம். சார் என்னைக் கூப்பிட்டு, செய்த ஆளையே வரவழைத்து முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். நான் நேரில் போனேன். வேளார் சக்கரத்தில் பூந்தொட்டி வனைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பேசினார்.

"கண்ணு தெறக்கணும்னா அதுக்கு ஒரு கோயில் இருக்கணும், நாள் இருக்கணும், கும்பிடுத சனம் இருக்கணும் தம்பி. ஓட்டல் வாசல்ல தெறந்துவிட்டா அது யாரைப் பாக்கும்? வார காரையெல்லாம் எண்ணிக்கிட்டு நிக்கவா?"

"அப்போ எதுக்குய்யா விற்றீங்க?"

"குதிரையத்தானே வித்தேன். துட்டும் நல்லாத்தான் குடுத்தாக, கொற சொல்லப்பிடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சாஸ்தா கோயில்களில் நேர்ந்துகொண்டு வைக்கிற மண் உருவங்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கை வைப்பார்கள். அடுத்த தடவை போகும்போது அது தேய்ந்திருக்கும், அவர் காட்டில் போட்டு நடக்கிறார் என்பார்கள். எங்கள் அம்மா அந்தத் தேய்மானத்தை விரலால் தடவிக் காட்டுவாள். அங்கே பொருள் வைப்பது சாமி பயன்படுத்த. வேளார் கணக்கும் அதுதான் போல. பயன்படுத்த ஆள் இல்லாத குதிரைக்குக் கண் வேண்டாம்.

இதை ஜி.எம். சாரிடம் என்னால் முடிந்தவரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் தென்காசியிலிருந்து போர்டு எழுதும் ஆளை வரவழைத்தார். வெள்ளை எனாமல், நடுவில் கறுப்பு வட்டம், மேலே சிவப்புக் கோடு. அரை மணி நேரத்தில் நான்கு கண்களும் திறந்துவிட்டன.

மறுநாள் காலையில் வலது குதிரையின் காலடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் போகும்போது வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். கேட்டுக்கு நேராகப் போட்டிருந்த நாற்காலியை ராத்திரி வாட்ச்மேன் ஓரமாக நகர்த்திக்கொண்டார். "அது பாக்குது அண்ணாச்சி" என்றார். வேறு விளக்கம் இல்லை. அந்தப் பங்குனி உத்திரத்துக்கு எங்களுக்கு ஹவுஸ்ஃபுல். குலதெய்வச் சாஸ்தாவைப் பார்க்கப் போக யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் இரண்டு குதிரைகளுக்கும் செவ்வந்தி மாலை, நெற்றியில் மஞ்சள், கீழே வெற்றிலையில் சர்க்கரைப் பொங்கல். பொங்கல் எங்கள் கிச்சனில் செய்ததுதான் என்று மணத்திலேயே தெரிந்தது.

ஜி.எம். சாருக்குக் கோபம். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். எடுப்பதற்குள் வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் அதைப் படம் எடுத்து, இங்கே தங்கியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான் என்று வெளியேறும்போது எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து என் பட்டியலில் புதிய வரி சேர்ந்தது. குதிரை, மாலை மாற்றுதல், தினமும் காலை எட்டு மணி. பூக்கடைக்கு மாத ஆர்டர் போனது.

அன்றைக்கு நின்றதுதான். எலுமிச்சம்பழம் மறுபடி வரவில்லை. தோட்டத்துப் பெண்கள் செருப்போடு நடக்கிறார்கள். மாலையைப் போடுவது அவர்களில் ஒருத்திதான், டியூட்டி முறைப்படி. போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள். வாட்ச்மேன் மட்டும் நாற்காலியை இன்னும் திருப்பிப் போடவில்லை.

ஒருமுறை ஒவ்வொரு கலைப்பொருளுக்கும் பித்தளைப் பலகை வைத்தார்கள். செம்புக்கும் சுவரோவியத்துக்கும் செய்தவர் பெயர் இருந்தது. பாய்க்கும் குதிரைக்கும் 'உள்ளூர்க் கைவினைஞர்'. எனக்கு அது பொறுக்கவில்லை, போய்க் கேட்டேன். "கிருஷ்ணாபுரத்துச் சிலையில் யார் பெயர் எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்?" என்றார் ஜி.எம். சார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது: அங்கே யார் பெயருமே இல்லையே. இங்கே பாதிப் பேருக்கு இருக்கிறதே. சரி, வேளாரிடமாவது கேட்டு வைப்போம் என்று போன் செய்தேன். அவர் சிரித்தார். "பேரு கீரு போட்டுறாதீக தம்பி. நாளைக்கு ஒடஞ்சா என்னையல்லா கூப்பிடுவாக."

இந்தச் சீசனில் இடது குதிரையின் கண் உரிய ஆரம்பித்திருக்கிறது. சுட்ட மண் மூச்சு விடும். பீடத்திலிருந்து ஈரம் உள்ளே ஏறி, எனாமலைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. போர் தண்ணீர் ஸ்ப்ரிங்ளர் வேறு காலில் உப்புப் பூக்க வைத்தது. அதைத் திசை மாற்றி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். கண்ணைத் தொடவில்லை. கறுப்பு வட்டம் பாதி போய்விட்டது, சிவப்புக் கோடு முழுசாகப் போய்விட்டது. 'மறுவண்ணம், அவசரம்' என்று ஒரு ஜாப் கார்டு வந்திருக்கிறது. மூன்று தடவை தேதி மாற்றியிருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் மூன்று தடவையும் 'சாரல்' என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை, ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. செப்டம்பரில் வெயில் அடிக்கும்போது வேறு காரணம் தேட வேண்டும்.