ஒற்றை ஷூ

சின்னவனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத்துடிப்பு) என்று உறுதியாகி இரண்டு மாதம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி, பிள்ளையின் நடத்தையைக் கையாள. இவனுக்கு எட்டு, மாத்திரையும் யோசிக்கலாம் என்றார் டாக்டர். மெத்தில்ஃபெனிடேட். சாதாரண வகை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். பசி குறையலாம், எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

"ஆம்பளப் பையன் அப்படித்தான் இருப்பான், மாத்திரை குடுத்து மந்தமாக்கிடாதே" என்கிறார் அத்தை. (அவர் மகன் பத்தாவதோடு நின்றது தனிக்கதை.)

நேற்று ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடப் போனவன், மொட்டைமாடியில் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேன் போய்விட்டது. "வேணும்னு பண்ணலம்மா" என்றான்.

சரி, திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். இட்லி முதலில், மாத்திரை அப்புறம். சனிக்கிழமை பெற்றோர் பயிற்சி வகுப்பையும் விடவில்லை.