கம்போங் ஸ்பூ ஊழியத்தில் நட்பின் இடம்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு மேற்கே, கம்போங் ஸ்பூ மாகாணத்தின் சிற்றூர்களில் மிஷனெரியாகப் பணியாற்றிய காலத்தில் என் நேரம் பெரும்பாலும் சபைக் கட்டடத்தில் கழியவில்லை. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய மரவீடுகளின் அடிநிழலில் போட்டிருக்கும் மூங்கில் கட்டில்களில்தான் கழிந்தது. வேலை செய்யும் வயதினர் விடியுமுன்பே லாரிகளில் நெருக்கி நின்றபடி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். சிலர் எல்லை தாண்டித் தாய்லாந்தில் கூலி வேலை செய்வார்கள். பகலில் ஊரில் இருப்பவர்கள் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளுமே. 2024இல் ஆடைத் தொழிலாளிக்கு அந்நாட்டு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாத ஊதியம் 204 அமெரிக்க டாலர். அதை நம்பி ஒரு வீட்டில் மூன்று தலைமுறையினர் சாப்பிட வேண்டும்.

ஆனால் அக்குடும்பங்களைக் குறைந்த ஊதியத்தைவிடக் கூடுதலாக அழுத்துவது கடன். மழை பொய்த்த ஆண்டிலோ வீட்டில் ஒருவர் நோயுற்றபோதோ நிலப்பட்டாவை அடமானம் வைத்து நுண்கடன் வாங்குகிறார்கள். தவணை கட்ட முடியாதபோது அதை அடைக்க உள்ளூர் வட்டிக்காரரிடம் இன்னொரு கடன் வாங்குகிறார்கள். இது வெளியாருக்கு எளிதில் தெரிவதில்லை. அரிசி மூட்டையோடு வருகிறவரிடம் அரிசி இல்லை என்பதை மட்டும் சொல்வார்கள். பட்டா கையில் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். நான் வாரந்தோறும் சென்றுவந்த வீட்டில், எல்லாரும் யாய் என்று அழைக்கும் மூதாட்டி, என்னோடு நெடுநாள் பழகிய பிறகே அந்தக் காகிதங்களை எடுத்துவந்து என்முன் வைத்தார். அன்று நான் பணம் தரவில்லை. பணம் தந்திருந்தால் அவ்வீட்டுக்குக் கடன் கொடுத்த இன்னொருவனாகியிருப்பேன் என்றே இன்றும் நினைக்கிறேன். அவருடைய மகளோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, வட்டியைக் கணக்கிட்டு, கடன் கொடுத்த அலுவலகத்துக்கும் உடன் சென்றேன். தவணையை அறுவடைக்குப் பின் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் வயலில் ஒரு துண்டை யாயின் குடும்பத்தார் விற்கத்தான் நேர்ந்தது.

அந்த நெருக்கம் உண்டாக வழிவகுத்தது பனைமரம். கம்போங் ஸ்பூவின் பனஞ்சர்க்கரை 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. பனையே கம்போடியாவின் தேசிய மரம். திருநெல்வேலித் தேரிக்காட்டில், பனையேறிகள் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வேலையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்யும் முறை புதிது. நம்மவர் கால்களைப் பிணைக்கும் கயிற்று வளையமான திளாப்பை இட்டு ஏறுவார்கள். அவர்கள் கணுக்கிளைகளை விட்டு வெட்டிய மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதையே ஏணியாக்கி ஏறுகிறார்கள். நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். அவர்கள் பதநீர் புளிக்காதிருக்க ஒரு மரத்தின் பட்டைச் சீவலைப் போடுகிறார்கள். யாயின் மருமகன் எனக்குப் பாளை சீவக் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஊரில் கருப்பட்டி காய்ச்சும் பக்குவத்தை நான் சொல்ல, அவர் விடாமல் கேள்வி கேட்டார். கொடுப்பவன் நான், பெறுபவர்கள் அவர்கள் என்றிருந்த நிலை அடுப்பங்கரையில் மெல்ல மாறியது. அந்த வீட்டாருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரியாததும் நிறைய இருந்தன. அவற்றை என்னிடம் சொல்வதில் அவர்களுக்குத் தயக்கமும் இல்லை.

எங்கள் பகுதியைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகங்களையெல்லாம் நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டினார். அன்று அது இந்திய ஊழியர்களுக்கும் வெள்ளையருக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பற்றிய பேச்சு. இன்று தமிழ்நாட்டிலிருந்து காணிக்கைப் பணத்தோடும் நல்லெண்ணத்தோடும் பிற நாடுகளுக்குச் செல்லும் நாங்கள், அவர் பேசிய அந்த எதிர்த்தரப்பின் இடத்தில் நிற்கிறோம். அதை எங்கள் சபைகள் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்பது என் கருத்து.

கம்போடியச் சமய அமைச்சகம் 2007இல் வீடு வீடாகச் சென்று மதப் பிரசாரம் செய்வதைத் தடைசெய்தது; பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றுவதற்கும் தடை உண்டு. சில ஊழியர்கள் இதை இடையூறாகக் கருதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தவணை நாள் நெருங்கித் தவிக்கும் ஒரு தாயிடம் விசுவாசத்தை முன்வைத்தால், மறுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்துக்கொண்டுதான் பேசுகிறோம். என் விசுவாசத்தை நான் மறைக்கவுமில்லை. யாய் கேட்டபோது சொன்னேன், ஜெபிக்கச் சொன்னபோது ஜெபித்தேன். நம் மகாளய பட்சத்தையொட்டி வரும், இறந்த முன்னோரை நினைக்கும் ப்சும் பென் நாட்களில், 1975க்கும் 1979க்கும் இடையிலான கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் கொடிய ஆட்சியில் மாண்ட தம் தம்பிகளுக்காக அவர் பௌத்தக் கோயிலான பகோடாவுக்குச் சோறு கொண்டுபோவார். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. அந்தச் சடங்கில் என்னால் பங்குகொள்ள இயலாது. ஆனால் அவர் திரும்பிவந்து ஒவ்வொரு தம்பியின் பெயரையும் சொல்லி, அவன் எப்படிச் சிரிப்பான், என்ன விரும்பித் தின்பான் என்றெல்லாம் பேசும்போது கூடவே உட்கார்ந்திருந்தேன். யாய் இன்றும் பௌத்தர்தான்.

எங்களை அனுப்பிய சபைக்கு ஆண்டறிக்கை எழுதும்போது, ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கும், வழங்கிய பொருள்களுக்கு ஒரு கட்டம் இருக்கும். அவற்றோடு, ஓர் ஊழியர் ஒரே ஊரில் குறைந்தது பத்து ஆண்டுகள் தங்குவதற்கும், முதல் இரண்டு ஆண்டுகள் அந்நாட்டு மக்களின் கெமர் மொழி கற்பதைத் தவிர வேறு பொறுப்பின்றி இருப்பதற்கும் நிதி ஒதுக்குமாறு எழுதியிருக்கிறேன். மிஷன் குழு அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது.