இனிஷியலில் தொடங்கும் சிக்கல்: அமைதி ஆய்வு மாநாடுகளுக்குப் போவோருக்கு

இப்ரா எனப்படும் பன்னாட்டு அமைதி ஆய்வுச் சங்கம் 1964இல் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதன் மாநாடு கூடும். 2018இல் அகமதாபாத்தில் நடந்தது. அகிம்சை, மோதல் தீர்வு, அமைதிக் கல்வி, பாலினம் எனத் தனித்தனி ஆணையங்கள், அதாவது துறைவாரிக் குழுக்கள், அதில் உண்டு. ஆய்வுச் சுருக்கத்தை எந்த ஆணையத்துக்கு அனுப்புகிறோம் என்பதிலேயே பாதி வேலை அடங்கிவிடும். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். போராட்ட முறையைப் பற்றி எழுதினால் அது அகிம்சை ஆணையத்துக்கு. தாய்மார் ஏன் முன்னே நின்றார்கள் என்று எழுதினால் பாலின ஆணையத்துக்கு. இரண்டையும் ஒரே சுருக்கத்தில் திணித்தால் இரு பக்கமும் ‘எங்களுடையது இல்லை’ என்று தள்ளிவிடுவார்கள்.

சுருக்கம் வழக்கமாக 250 முதல் 300 சொல். கேள்வி, களம், தரவு கிடைத்த விதம், கண்டடைந்தது: நான்கும் இருக்க வேண்டும். ‘ஆராய முற்படுகிறது’ என்று முடியும் சுருக்கம், வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்தான்.

ஏற்றுக்கொண்டதாக வரும் மின்னஞ்சலை வைத்து விசா கிடைக்காது. தனியாக அழைப்புக் கடிதம் கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், அதன் எண், மாநாட்டுத் தேதிகள், செலவு யாருடையது என்பவை அதில் இருக்கட்டும். நம் ஆட்கள் இடறுவது இங்கேதான். சுருக்கத்தில் இனிஷியலோடு ஒரு பெயர். கடவுச்சீட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். பதிவுப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகராது. முதல் நாளிலிருந்தே கடவுச்சீட்டுப் பெயரையே எல்லா இடத்திலும் எழுதிவிடுங்கள்.

மாநாடு ஐரோப்பாவில் என்றால் பெரும்பாலும் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். முடிவுக்கு 15 நாள், இழுத்தால் 45 நாள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயண உதவித்தொகையின் கடைசி நாள் பல மாநாடுகளில் சுருக்கத்தின் கடைசி நாளை ஒட்டியே வரும். சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் வாய்ப்பு கைநழுவும். அனுப்பிய இரண்டே நாளில் ஏற்று, உடனே பணம் கேட்டு, பத்துத் துறைகளை ஒரே ஹோட்டலில் கூட்டும் ‘மாநாடு’களை விட்டு விலகுங்கள்.

பேச 15 நிமிடம் என்பார்கள். நாலு பேர் உள்ள அமர்வில் முன்னவர் நேரம் மீறினால் உங்களுக்கு 10தான். 10 நிமிடத்துக்கே தயாராகுங்கள். அமைதி ஆய்வாளர் கால்டுங் 1969இல் எழுதிய கட்டமைப்பு வன்முறையை, அதாவது சமூக அமைப்பே இழைக்கும் தீங்கை, விளக்கி நேரத்தைக் கரைக்க வேண்டாம். எதிரே இருப்பவர்கள் அதை வகுப்பில் நடத்துகிறவர்கள். அவர்கள் கேட்பது வேறு: கூட்டத்தில் நாலு பேர் கல் எறிந்தால் அதை வன்முறை, அகிம்சை இரண்டில் எந்தப் பக்கம் சேர்த்தீர்கள்? ஆய்வாளர்கள் செனோவெத்தும் ஸ்டீபனும் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களை ஒப்பிட்டு, வன்முறையற்றவை ஏறத்தாழ இரு மடங்கு வெற்றி பெற்றதாகச் சொன்னபோதும் விவாதம் இந்த வகைப்படுத்தலில்தான் மூண்டது. உங்கள் அளவுகோலை ஒரு ஸ்லைடில் எழுதியே வைத்துவிடுங்கள்.

போராட்டப் பந்தலில் எடுத்த முகப் படங்களைத் திரையில் போடவே போடாதீர்கள். பேட்டி தர ஒப்புக்கொண்டவர் படத்துக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அரங்கில் யாராவது கைபேசியில் அதைப் படமெடுத்தால், நீங்கள் ஊர் திரும்பும் முன்பே அது படத்தில் இருப்பவர்களின் ஊருக்குப் போயிருக்கும். படம் எடுக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவரை முதலிலேயே அறிவிக்கச் சொல்லலாம். சொன்னாலும் எடுப்பார்கள். அதனால் கைகள், செருப்புகள், பந்தலின் கூரை போன்ற படங்களே போதும்.